கொண்டையும் அதன் கருவிகளும்

கூந்தலைத் திரட்டி முடிந்துகொள்வதைத் தமிழில் கொண்டை என்கிறோம். தெலுங்கர் கொப்பு என்பர். கன்னடர் துருபு என்பர். மராத்தியர் அம்பாடா என்றும், வங்காளியர் கோம்பா என்றும், இந்தி பேசுவோர் ஜூடா என்றும் வழங்குவர். அலுவலின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தமிழகம் விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறிய நம் இல்லத்துப் பெண்டிர், அண்டை வீட்டாரோடு பழகிய சில திங்களுக்குள் இச்சொற்களில் ஒன்றையேனும் கற்றுவிடுகின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதைக் கண்டு நான் வியந்ததுண்டு. சட்டச் சொல் ஒன்றுக்கு நேர்ச்சொல் காண்பதற்குக் குழு கூடுகிறது, குறிப்பு எழுதப்படுகிறது. கொண்டைக்கு நேர்ச்சொல் காண்பதற்கோ ஒரு மொட்டை மாடியும், வெயிலில் உலரும் இரண்டு கூந்தல்களும் போதுமானவை.

இவ்வளவு பரவலான ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு எடுத்தவுடனேயே ஒரு தடை எதிர்ப்படுகிறது. அரசர் முடிசூடிய ஆண்டைக் கல்லில் வெட்டினார்கள். அன்று அரசியின் கூந்தலை முடித்த பணிப்பெண்ணின் பெயரை எவரும் வெட்டவில்லை. ஆகவே மண்ணுக்கடியிற் கிடைத்த சீப்பையும் ஊசியையும், சிற்பியின் உளி காட்டும் வடிவத்தையும், மொழியில் எஞ்சி நிற்கும் சொற்களையும் கொண்டே இவ்வரலாற்றைக் கோக்க வேண்டியிருக்கிறது. சான்றுகள் சிதறிக் கிடப்பினும், அவற்றுட் பல நேயர்கள் வாழும் நகரங்களின் அருங்காட்சியகங்களிலேயே உள்ளன என்பது நமக்குரிய வசதி.

தில்லியில் இருப்போர் தேசிய அருங்காட்சியகத்தில் நடனமங்கை எனப் பெயர் பெற்ற வெண்கலப் பாவையைக் கண்டிருக்கக் கூடும். 1926-ஆம் ஆண்டு மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது, உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். எல்லாரும் அவளுடைய கையில் அடுக்கிய வளையல்களையே பார்க்கின்றனர். சற்றுச் சுற்றிச் சென்று பிடரியைப் பார்த்தால், கூந்தல் ஒரு பெரும் கொண்டையாகத் திரண்டு வலத்தோளின் பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முந்திய கொண்டை அது. அந்நகரத்திற் கிடைத்த ஆடவர் கற்றலைகளிலும் பின்புறம் முடிந்த கொண்டையும், நெற்றியைச் சுற்றிய பட்டமும் காணப்படுகின்றன. தந்தச் சீப்புகளும், செம்பில் வார்த்த கைக்கண்ணாடிகளும், செம்பு ஊசிகளும் சிந்துவெளி நகரங்களிற் கிடைத்துள்ளன. ஆக, பகுக்கும் கருவி, பார்க்கும் கருவி, பிணிக்கும் கருவி ஆகிய மூன்றும் அன்றே உண்டு. இன்றைய ஒப்பனை மேசையில் இருப்பவை இவற்றின் வழிவந்தவையே.

ஆடவர் கொண்டை என்றதும் நகைக்க வேண்டாம். வடநாட்டில் வாழும் நேயர்கள் நாள்தோறும் காணும் சீக்கியப் பெருமக்கள் உச்சியில் ஜூடா முடிந்து, அதனுள் கங்கா எனப்படும் சிறிய மரச்சீப்பைச் செருகிக்கொள்கின்றனர். சீப்பு அவர்களது ஐந்து சமயச் சின்னங்களுள் ஒன்று. கொண்டையும் அதன் கருவியும் பிரியாமல் வாழும் மரபாக இதைக் குறிப்பிடலாம்.

தமிழகத்துக்கு வருவோம். வைகைக் கரையில் உள்ள கீழடியின் அகழாய்வில் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. கூந்தலைச் சங்க நூல்கள் ஐம்பால் என்று அழைக்கின்றன. ஐந்து பகுதியாக வகுக்கப்படுவது என்றும், ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்றும் இதற்குப் பொருள் கூறுவர். உரைகாரர்கள் தரும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். அவற்றுள் ஒன்று முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை எனச் செல்கிறது. உச்சியில் முடிவது முடி. பக்கத்தில் முடிவது கொண்டை. சுருட்டிப் பின்னே செருகுவது சுருள். சுருட்டி முடிவது குழல். பின்னி விடுவது பனிச்சை. இவ்விளக்கத்தின்படி, கொண்டை என்பது முதலில் பக்கவாட்டு முடிப்பு ஒன்றற்கே உரிய பெயராக இருந்து, பின்னர் எல்லா முடிப்புக்கும் பொதுப்பெயராக விரிந்தது எனலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கொண்டையை நினைத்துப் பாருங்கள். பழைய பொருள் அங்கே அப்படியே நிற்கிறது.

ஐந்து முறைகளுக்கு ஐந்து தனிச்சொற்கள் வைத்திருந்த மொழி, இன்று ஒரே சொல்லைக் கொண்டு காலம் தள்ளுகிறது. மற்ற நான்கும் நிகண்டுக்குள் அடங்கிவிட்டன. கருவிப் பெயர்களுக்கும் இந்த நிலைதான். சிக்கெடுக்கும் கோலுக்குச் சிணுக்கோலி என்று பெயர். ஈரை வாரியெடுக்கும் கருவிக்கு ஈர்கொல்லி என்று பெயர். வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகளிடம் இச்சொற்களைச் சொன்னால், ஏதோ ஊர்ப்பெயர் என்று எண்ணினாலும் எண்ணுவர்.

இனி, முடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடல் தீர்ந்த மாதவி நீராடி ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி இக்கலையில் பயிற்சி உள்ளவர்கள் கூர்ந்து கற்க வேண்டியது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் அவள் கூந்தல் ஆட்டப்படுகிறது. பின் நறும்புகையில் உலர்த்தப்படுகிறது. அதன்பின் வகுத்த பகுதிதோறும் கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. பத்துத் துவர் எவை என்று உரைமரபு எண்ணியே தருகிறது: பூந்திக்கொட்டை எனும் பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி ஆகிய திரிபலை, கருங்காலி, நாவல், இவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி எனும் நாற்பால் மரங்கள். கொட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் என்பன ஐந்து விரைகள்.

இப்பட்டியலைக் காவியத்து ஆடம்பரம் என்று கடந்துபோவது வழக்கம். நான் அவ்வாறு கருதவில்லை. எண்ணெய்ப் பசை மிகுந்த கூந்தல் வழுக்கும். எவ்வளவு இறுக முடிந்தாலும் சிறிது நேரத்தில் நழுவும். துவர்ப்புப் பொருள்கள் அப்பசையை நீக்குகின்றன. புகை ஈரத்தைப் போக்கி மணமூட்டுகிறது. குழம்போ, வகுத்த கற்றைகளைச் சிதறாமல் ஒட்டவைக்கிறது. கழுவுதல், உலர்த்துதல், வகுத்தல், ஒட்டவைத்தல் என்னும் இவ்வரிசையை இன்றைய ஒப்பனைக் கூடத்திலும் மாற்ற முடியாது. குப்பியில் அடைத்த திரவமும் மின்சாரக் காற்றும் வந்திருக்கின்றன, வரிசை மாறவில்லை. வடமொழியிலும் இச்செய்திக்குத் துணை உண்டு. உஜ்ஜயினி நகரத்துச் சாளரங்களின் வழியே வெளிவரும் கூந்தற் புகை மேகத்தின் உடலைப் பருக்கச் செய்யும் என்று காளிதாசர் மேகதூதத்தில் கற்பனை செய்கிறார். ஒரு நகரமே ஒரே மாலைப்பொழுதில் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தது என்பதுதானே அக்கற்பனையின் அடித்தளம்!

எல்லாக் கொண்டைக்கும் கருவி வேண்டும் என்பதில்லை. கூந்தலைப் பிடரியில் பிடித்து முறுக்கி, தன்னைத்தானே சுற்றவிட்டு, நுனியை உள்ளே இழுத்துச் செருகினால் நிற்கும் முடிப்பை நாட்டுப்புறத்தில் கோடாலி முடிச்சு என்பர். நாற்று நடும் பெண்ணுக்கு அது போதும். திருமணப் பந்தலில் ஐந்து மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டிய பெண்ணுக்குப் போதாது. அங்கே அளவும் வேண்டும், உயரமும் வேண்டும், குனிந்து நிமிர்ந்தாலும் குலையாத உறுதியும் வேண்டும்.

அளவுக்கு உதவுவது சவரி. தம் கூந்தல் போதாதபோது சேர்த்து முடியும் முடிக்கற்றைக்கு அது பெயர். சவரி என்ற சொல் முதலில் இமயத்து எருதையும் அதன் அடர்ந்த வாலையும் குறித்தது. பனிமலை விலங்கின் வாலே சாமரமாகி அரசரின் அருகே வீசப்பட்டது. அதன் பெயரே தெற்கே வந்து மகளிரின் கொண்டைக்குள் மறைந்தது. பாட்னாவில் உள்ள நேயர்கள் பீகார் அருங்காட்சியகத்தில் இருக்கும் தீதார்கஞ்ச் யட்சியைச் சென்று பார்க்க வேண்டும். 1917-ஆம் ஆண்டு கங்கைக் கரையில் வெளிப்பட்ட இந்த மணற்கற் சிலையின் கையிலே சாமரம். பின்தலையிலே நேர்த்தியாக முடிந்த கொண்டை. அந்த யட்சிக்குச் சவரி தேவைப்பட்டதா என்பது சிற்பிக்கே தெரியும்.

உறுதிக்கு உதவுவது ஊசி. தட்சசீலத்தில் 1913 முதல் 1934 வரை ஜான் மார்ஷல் நடத்திய அகழாய்வில் எலும்பாலும் தந்தத்தாலும் ஆன கொண்டை ஊசிகள் கிடைத்தன. நீண்ட ஒற்றை ஊசி கொண்டையை ஒருபுறம் துளைத்து மறுபுறம் வெளிவரும். ஆதலால் கொண்டை பருத்திருந்தால்தான் அது நிற்கும். கம்பியை இரண்டாக வளைத்துச் செய்த ஊசியின் செயல் வேறு. அதன் இரு கால்களும் விரிய முயல்கின்றன. அந்த விரிவே கூந்தலை இறுக்கிப் பிடிக்கிறது. கால்களின் நடுவில் சிறு நெளிவுகள் இருப்பது நழுவாதிருக்கும் பொருட்டு. இதைச் செருகுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நேராகக் குத்தினால் நிற்காது. கொண்டையின் விளிம்பில் சிறிது முடியைப் பற்றி, ஊசியை வெளிநோக்கிப் பிடித்து, பின் அதைத் திருப்பி நடுவை நோக்கித் தலையோடு ஒட்டித் தள்ள வேண்டும். அப்போது கொண்டையின் முடியும் தலையின் முடியும் ஒன்றாகப் பிணைகின்றன. இவ்வாறு செருகினால் நான்கு ஊசிகள் போதும். அறியாதவர் கையில் இருபதும் போதா.

மேனாட்டில் 1920-களில் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டபோது, அக்குட்டை முடியை அடக்க இரு கால்களும் நெருங்கி ஒட்டிய தட்டை ஊசி பரவியது. பாபி பின் என்று நம் கடைகளில் கேட்டு வாங்குவது அதைத்தான். கொண்டையைத் துறந்தவர்களுக்காகப் பரவிய கருவி கொண்டைக்கே துணையாக வந்து சேர்ந்தது. பழைய வளைகம்பி ஊசியோ தன் பெயரை மலைப்பாதைக்குக் கொடுத்துவிட்டது. கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

சிற்பங்களிலும் செப்புத் திருமேனிகளிலும் காணும் முடிப்புகளைக் கலைஞர் தம் விருப்பப்படி செய்தார் என்று கொள்ளலாகாது. மானசாரம் எனும் சிற்ப நூல், கேசபந்தம், குந்தளம், தம்மில்லம், அளகசூடம் எனக் கூந்தல் முடிப்புகளைப் பெயரிட்டு, எத்தரத்து அரசனின் தேவிக்கு எது உரியது என்று வரையறுக்கிறது. மகுடத்துக்கு ஒப்பான இடம் கொண்டைக்கு அளிக்கப்பட்டிருந்தது என்பது இதனால் விளங்கும். தலையைப் பார்த்தே தரத்தை அறியலாம். கணக்காயர்கள் இதை அழகியல் என்பர். என் போன்று அரசு அலுவலகத்தில் பணியாற்றுவோருக்கு இது பதவிப் பட்டியலாகத்தான் தோன்றுகிறது.

உயர்ந்த கொண்டை மற்றொருவர் கைகளை வேண்டி நிற்பது. தன் பிடரியைத் தானே பார்க்க இயலாது அல்லவா? அஜந்தாவின் 17-ஆம் குகையில், கையில் கண்ணாடி ஏந்திய அரசிளங்குமரியைச் சூழ்ந்து பணிப்பெண்கள் நிற்கும் ஓவியம் புகழ்பெற்றது. அக்குமரியின் அழகைப் பற்றி எழுதியோர் பலர். பணிப்பெண்களின் தொழிலைப் பற்றி எழுதியோர் சிலரே. அத்தொழிலுக்கு வடமொழியில் சைரந்திரி என்று பெயர் உண்டு. விராட நகரத்தில் மறைந்து வாழ்ந்த ஆண்டில் திரௌபதி மேற்கொண்டது இவ்வேலையே. கூந்தல் முடிப்பதில் வல்லவள் என்று கூறி அரசி சுதேஷணையிடம் அவள் பணியில் அமர்ந்தாள்.

பட்ட நாராயணரின் வேணீசங்காரம் என்னும் நாடகமும், நம் பாரதியாரின் பாஞ்சாலி சபதமும் திரௌபதி கூந்தலை விரித்தபடியே வஞ்சினம் காத்த கதையைச் சொல்கின்றன. விராட பருவத்தையும் இக்கதையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மனம் சற்றே தயங்குகிறது. தன் கூந்தலை முடிய மறுத்தவள் ஓராண்டுக் காலம் இன்னொருத்தியின் கூந்தலை முடித்தாள். நம் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் நாட் போர் முடிந்ததும் அம்மனின் கூந்தலை முடிக்கும் சடங்கு நடைபெறுகிறது. கூடியிருக்கும் பெண்கள் அதுவரை மூச்சை அடக்கி நிற்பதைப் பார்த்தால், முடிந்த கூந்தல் என்பது அவர்களுக்கு அலங்காரம் மட்டுமன்று என்பது புரியும்.

முடிந்த கூந்தல் கணவன் உள்ளவளின் உரிமை என்று நம் சமுதாயம் நெடுங்காலம் வைத்திருந்தது. பிரிவில் வாடும் மனைவி ஒற்றைப் பின்னலை அவிழ்க்காமல் இருப்பாள். கணவன் திரும்பி வந்து தன் கையால் அவிழ்ப்பான். மேகதூதத்து யட்சனின் மனைவி அத்தகையவள். கணவனை இழந்த மகளிர் கூந்தல் கொய்யப்பட்டதைப் புறநானூற்றுப் பாடல்கள் சில குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் உயர்குலத்தோர் எனப்பட்ட சில வகுப்பினரிடையே இவ்வழக்கம் மழித்தலாக இறுகியது. பத்து வயதுச் சிறுமிக்கும் விலக்கு இல்லை. சீப்பு, ஊசி, சவரி ஆகியவற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த ஒரு கருவியை விட்டுவிடுகின்றனர். சவரக் கத்தியும் கூந்தலின் வரலாற்றைச் சேர்ந்ததே.

அக்கத்தியைக் கையில் வைத்திருந்தவர்களே அதைக் கீழே வைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1890-ஆம் ஆண்டு பம்பாயில் நாவிதர்கள் கூட்டம் கூட்டி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று உறுதி செய்தனர். மகாத்மா ஜோதிபா புலேயின் வழி நின்ற நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களைத் திரட்டினார். அந்நாளில் சாத்திரம் கற்றோர் இரு கட்சியாகப் பிரிந்து ஏடுகளில் வாதிட்டுக் கொண்டிருந்தனர். மேற்கோளுக்கு மேற்கோள் எழுதினர். நாவிதர்கள் எந்த மேற்கோளும் காட்டவில்லை. இக்கொடுமையில் தங்கள் கைக்குப் பங்கு வேண்டாம் என்றனர். அதனால் வரும் கூலியும் வேண்டாம் என்றனர். அன்றாடம் கூலி பெற்று உண்போர் கூலியை வேண்டாம் எனச் சொல்வது எளிதன்று. மும்பையில் வாழும் தமிழர்கள் தங்கள் நகரத்தின் பெருமைகளுள் இதனையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

சென்னையில் 1886-இல் பிறந்து, சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டுக் கணவனை இழந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவருடைய பெற்றோர் மகளின் தலையை மழிக்க இசையவில்லை, படிக்க வைத்தனர். 1911-இல் அவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளம் கைம்பெண்களுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். ஒரு வீட்டில் ஒரு நாள் கத்தி வராமற் போனதால் விளைந்த பயன் இது.

கொண்டை மறுக்கப்பட்டோருக்குப் பூவும் மறுக்கப்பட்டது. ஏனெனில் நம் நாட்டில் கொண்டையின் கடைசிக் கருவி பூ. மேகதூதத்து அளகாபுரிப் பெண்கள் கூந்தல் முடிப்பில் ஒரு பூ, வகிட்டில் ஒரு பூ, செவியில் ஒரு பூ என்று இடமறிந்து சூடினார்கள். நம்மவரோ சரமாகத் தொடுத்துச் சுற்றுகிறோம். மும்பை மாதுங்காவில் மல்லிகைச் சரம் வாங்கும் நம் பெண்கள், பக்கத்திலேயே மராத்தியப் பெண்கள் வாங்கும் பிறைவடிவப் பூத்தொடையலையும் கண்டிருப்பர். கொண்டையின் வளைவில் அப்படியே பொருந்துமாறு கட்டப்பட்டிருக்கும் அதன் பெயர் வேணி. வடமொழியில் வேணி என்பது பின்னல்; யட்சனின் மனைவி அவிழ்க்காமல் வைத்திருந்தது அதுதான். மராத்தியில் அச்சொல் பின்னலோடு பூவுக்கும் பெயராகிவிட்டது. மாதுங்காவில் இரண்டு வேணி கொடுங்கள் என்று கேட்டால், கடைக்காரர் வாழையிலையில் சுற்றிக் கொடுப்பார்.